கடைமடைக்கு எத்தனை இருக்கை? ஆறு ஊர்க் கூட்டமைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரியும் கால்வாயில், ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலித் தொடராக அமைந்த ஆறு குளங்களையும் அவற்றை நம்பி வாழும் ஆறு ஊர்களையும் பற்றியது இந்தப் பதிவு. சிறிய ஊர்கள் பெரிய ஊரோடு ஒரே அவையில் அமரும்போது அவற்றுக்கு எத்தனை இருக்கை நியாயம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. ஒன்றியங்களில் சேர்ந்த சிறிய தேசங்கள் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுவே என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. நான் பாளையங்கோட்டையில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விதிமுறைகளை எழுதித் தருமாறு அந்த ஊர்களால் அழைக்கப்பட்டவன். ஊர்களையும் ஆட்களையும் பெயரால் குறிப்பிடவில்லை. தண்ணீர் முதலில் சேரும் தலைமடையிலிருந்து கடைசியில் சேரும் கடைமடை வரை முதல் ஊர், இரண்டாம் ஊர் என வரிசையாகவே குறிப்பிடுகிறேன். ஊர்களின் கணக்கு, அடையாளம் தெரியாதபடி, முழு எண்ணாக்கித் தரப்பட்டுள்ளது.

பின்னணி

இந்தப் பக்கத்தில் ஊரின் அளவைச் சொல்லும் அலகு தலைக்கட்டு, அதாவது ஊர் வரி கட்டும் ஒரு குடும்பம். கோயில் கொடைக்கு வரி பிரிப்பதும், குளத்து வேலைக்கு ஆள் அனுப்புவதும் அதை வைத்தே. முதல் ஊரில் 500 தலைக்கட்டு, இரண்டாம் ஊரில் 260, மூன்றாம் ஊரில் 120, நான்காம் ஊரில் 60, ஐந்தாம் ஊரில் 35, கடைமடையான ஆறாம் ஊரில் 25. மொத்தம் ஆயிரம் தலைக்கட்டில் சரிபாதி முதல் ஊரில் இருக்கிறது.

ஒவ்வோர் ஊருக்கும் குளத்துச் சங்கம் தனித்தனியே உண்டு. கால்வாயைத் தூர்வாருவது, நீர்பாய்ச்சிகளுக்குக் கூலி கொடுப்பது, மனு எழுதுவது ஆகியவற்றை ஆறு ஊரும் சேர்ந்து செய்தால்தான் காரியம் ஆகும் என்று கண்டு, ஒரு பொதுக்குழுவை அமைத்திருந்தார்கள். 40 தலைக்கட்டுக்கு ஓர் உறுப்பினர். மிச்சத்தைக் கணக்கில் கொள்வதில்லை. அதன்படி முதல் ஊருக்கு 12, இரண்டாம் ஊருக்கு 6, மூன்றாம் ஊருக்கு 3, நான்காம் ஊருக்கு 1. ஐந்தாம், ஆறாம் ஊர்கள் தனித்தனியே 40ஐ எட்டாததால் இரண்டுக்கும் சேர்த்து 1. மொத்தம் 23 பேர் கொண்ட குழுவில் 12 பேர் ஒரே ஊர்க்காரர்கள். இந்த ஏற்பாட்டை எழுதியவர்களுக்கு வஞ்சகம் எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. ஆளுக்கு ஏற்ற இடம் என்பது அவர்களுக்கு இயல்பாகவே நியாயமாகப் பட்டது. நல்ல மழைக்காலங்களில் அதன் குறை வெளியே தெரியவும் இல்லை.

தெரிந்தது ஒரு கார் நெல் பருவத்தில். மலையில் தென்மேற்குப் பருவமழை பிந்தியதால் பாபநாசம் அணையில் இருப்பு குறைந்தது. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பொதுக்குழு கூடி, கடைசி இரண்டு ஊர்களுக்கு இருந்த இரண்டு இரவு முறையை ஓர் இரவாகக் குறைத்தது. ஆதரவாக 15 கைகள், எதிராக 8. முதல் ஊரும் மூன்றாம் ஊரும் ஒருபுறம், மற்ற நான்கு ஊர்களும் மறுபுறம். கதிர் வெளிவரும் நேரத்தில் கடைமடைப் பயிர் காய்ந்தது. அடுத்த மாதமே இரண்டு சிற்றூர்களும் பொதுவரியை நிறுத்தின. ஒருநாள் காலை நான்காம் குளத்து மடைப்பலகையைக் காணவில்லை. தூர்வாரும் வேலை பாதியில் நின்றது.

கண்டறிந்தவை

என்னிடம் வந்தவர் இரண்டாம் ஊரைச் சேர்ந்த என் பழைய மாணவர். முதலில் நான் கேட்டது மினிட் புத்தகத்தை. மூன்று ஆண்டுகளின் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். ஐந்தாம், ஆறாம் ஊர்களின் பொது உறுப்பினர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. ஆனால் அவர் முன்மொழிந்ததாக ஒரு தீர்மானமும் இல்லை. இந்த ஆய்வில் நான் கண்ட எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது இதுதான். நேரில் சந்தித்தபோது அவர் முதல் ஊர்ப் பெரியவரைப் பார்த்தே பேசினார்: “அண்ணாச்சி, கை தூக்கச் சொன்னா நாங்க எப்பவும் தோத்துதான் போவோம். அப்ப எதுக்கு எங்களக் கூப்பிடுதிய?”

முதல் ஊர்ப் பெரியவரின் பதிலையும் அப்படியே பதிய வேண்டும். அதிலும் நியாயம் இருந்தது. “தம்பி, உங்களுக்குக் கூட இடம் கொடுத்தா எங்க ஊர்க்காரனுக்குக் குறையும். எங்க ஊர்ல பொறந்தவன் மட்டும் அரை ஆளா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை தராத எந்த ஏற்பாடும் நிலைக்காது என்பது அன்றே எனக்குத் தெளிவாயிற்று. ஊருக்கு மூன்று பேர் எனச் சமமாகப் பிரித்தால் 18 இருக்கைகளில் 12, கடைசி நான்கு ஊர்களின் கைக்குப் போகும். அந்த நான்கிலும் சேர்த்து இருப்பது 240 தலைக்கட்டு. 760 தலைக்கட்டை அவை ஆளும். பழைய குழுவின் அநீதியைத் திருப்பிப் போட்டது போலத்தான் அது இருக்கும்.

அவையில் எடுத்து வைத்தவை

நான்காம் ஊர் சமுதாயக் கூடத்தில் நான்கு அமர்வுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல் பேச வேண்டுமானால், பேச்சு முதலில் வேறு எங்காவது தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே முதல் அமர்வில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இருக்கைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன்.

அன்று சொன்ன எண்களை இங்கே 2024 தேர்தல்கள் வரை புதுப்பித்துத் தருகிறேன். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த அவைக்கு 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, பிரான்சுக்கு 81, இத்தாலிக்கு 76. மால்டாவுக்கு 6. மால்டாவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் 4.7 லட்சத்தைத் தாண்டிய நம் நெல்லை மாநகராட்சியோடு ஒப்பிடத்தக்கது. ஜெர்மனியின் மக்கள்தொகை எட்டுக் கோடிக்கும் மேல். அங்கே எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஓர் உறுப்பினர், மால்டாவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு ஓர் உறுப்பினர். எந்த நாட்டுக்கும் ஆறுக்குக் குறையக்கூடாது, 96க்கு மிகக்கூடாது, பெரிய நாட்டின் உறுப்பினர் ஒருவர் சிறிய நாட்டின் உறுப்பினரைவிட அதிகமான மக்களுக்காகப் பேச வேண்டும் என்பது அந்த ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே உள்ள விதி. மக்கள்தொகை ஏற ஏற இருக்கையும் ஏறும். ஆனால் அதே விகிதத்தில் ஏறாது.

பெரியவர் கேட்ட ‘அரை ஆள்’ கேள்வியை ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமே 2009இல் எழுப்பியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கை பற்றிய தீர்ப்பில், வாக்குகளின் மதிப்பு இவ்வளவு ஏற்றத்தாழ்வோடு இருக்கும் அவையை, ஒரே மக்கள் சமமாகத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்கு நிகராகக் கருத முடியாது என்று அது சுட்டிக்காட்டியது. பெரியவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். தன் வாதத்தை யாரோ மதித்தார்கள் என்ற நிறைவு அவருக்கு முதல் முறையாக வந்தது போலிருந்தது.

அடுத்து, அமெரிக்க அரசமைப்பை எழுதிய 1787ஆம் ஆண்டின் ஃபிலடெல்ஃபியா மாநாடு. மாநிலங்களின் சம வாக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சிறிய மாநிலமான டெலவேரின் சட்டமன்றம் தன் பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தி அனுப்பியிருந்தது. பெரிய மாநிலங்களோ மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. ஜூலை 16 அன்று, ஒரே ஒரு மாநில வாக்கு வித்தியாசத்தில், ஓர் அவையில் மக்கள்தொகைப்படியும் இன்னோர் அவையில் சமமாகவும் இடம் என்ற உடன்பாடு நிறைவேறியது. சம இடம் தரும் அவையான செனட்டில் உள்ள சம வாக்கை எந்த மாநிலத்திடமிருந்தும் அதன் ஒப்புதல் இல்லாமல் பறிக்க முடியாது என்றும் அரசமைப்பில் எழுதினார்கள்.

எங்களுக்கு அதிகம் கற்பித்தது ஸ்காட்லாந்து. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது 558 பேர் கொண்ட பிரிட்டன் மக்களவையில் அதற்கு 45 இடங்கள் தரப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் 72 இடங்கள் இருந்தன; மக்கள்தொகைக்குக் கிடைக்க வேண்டியதைவிட அது அதிகம். 1999இல் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் அமைந்த பிறகு, 2005இல் அது 59 ஆனது, 2024இல் 57. அதே தேர்தலில் வேல்ஸின் இடங்கள் 40இலிருந்து 32 ஆகச் சுருங்கின. மொத்தம் 650 இடங்களில் இங்கிலாந்துக்கு மட்டும் 543. இங்கே நான் நிறுத்திக் கேட்டேன்: ஸ்காட்லாந்துக்கு 57க்குப் பதில் 72 இடங்கள் இருந்தால் என்ன மாறும்? இங்கிலாந்து ஒன்றுபட்டு நின்றால் அப்போதும் அது தோற்கும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய பொதுவாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் உள்ளேயே இருக்க வேண்டும் என்றனர். நாடு முழுவதற்குமான கூட்டுக் கணக்கில் விலகல் வென்றது. ஸ்காட்லாந்தும் சேர்ந்தே விலகியது. ஸ்காட்லாந்து தன் போக்கில் முடிவெடுக்க முடிந்ததெல்லாம் பள்ளி, மருத்துவம் போல எடின்பரோவுக்கு விடப்பட்ட துறைகளில்தான்.

ஆறாம் ஊர் உறுப்பினர் உடனே சொன்னார்: “அப்ப இருக்கை கேக்குறத விட, எதுல எங்களக் கேக்காம முடிவெடுக்கக் கூடாதுன்னு எழுதி வாங்குறதுதான் முக்கியம், சார்.” மூன்று மாதப் பேச்சின் திருப்பம் அந்த ஒரு வாக்கியம். அது என்னிடமிருந்து வரவில்லை.

முதல் ஊர் இறங்கி வந்தது எப்படி

இரண்டாம் அமர்வில் பேச்சு தானாகவே நம் நாட்டு மக்களவைக்குத் திரும்பியது. அந்தச் சமயம் தொகுதி மறுவரையறை பற்றிய செய்தி நாளிதழ்களில் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1967இல் 39 ஆகின. 1976இல் 42ஆம் திருத்தம், மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்தி வைத்தது. 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள், அதைச் செய்யாத மாநிலங்களுக்கு முன்னால் எடை குறைந்து போகுமோ என்ற கவலை அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் பொதுவானது.

முதல் ஊர்ப் பெரியவர் தமிழ்நாட்டுக்கு நேரக்கூடியதைப் பற்றி மிகுந்த உணர்ச்சியோடு பேசினார். பேசி முடித்ததும் மூன்றாம் ஊரைச் சேர்ந்த ஒருவர், குத்திக்காட்டும் குரலில் அல்லாமல் மெதுவாக, “அண்ணாச்சி, டெல்லிக் கால்வாய்ல நாம கடைமடை. இங்க ஆறாம் ஊரு கடைமடை” என்றார். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

இந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது என்பதை ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. தமிழ்நாடு மால்டாவைப் போன்ற சிறிய அலகு அல்ல; மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, சிக்கிமுக்கும் கோவாவுக்கும் ஒவ்வொன்று. மாநிலங்களுக்குச் சம இடம் என்ற கொள்கையை நம் அரசமைப்பு ஏற்கவில்லை. ஆனாலும் சிறிய அலகுக்குத் தளர்வு தருவது அதற்குப் புதிதும் இல்லை. மக்களவை இடங்களை மக்கள்தொகைக்கு ஏற்ற ஒரே விகிதத்தில் பகிர வேண்டும் என்று கூறும் 81ஆம் பிரிவே, அறுபது லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள மாநிலங்களுக்கு அந்த விகிதம் பொருந்தாது என விலக்கு அளிக்கிறது. லட்சத்தீவுக்கும் மக்களவையில் ஓர் உறுப்பினர் உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இருக்கைக் கணக்கில் எங்களுக்கு உதவியவர் ஆறாம் ஊரில் வாழ்க்கைப்பட்ட கணித ஆசிரியை ஒருவர். அவர் முதலில், மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வாக்குகளைப் பிரிக்கும் வர்க்கமூல முறையை முன்வைத்தார். 1946இல் பென்ரோஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கிய முறை அது. 2007இல் ஐரோப்பிய அமைச்சர்கள் மன்றத்தின் வாக்குகளுக்கு அதையே போலந்து கேட்டுப் போராடியது. கணக்காக அது மிக அழகானது. ஆனால் மடையில் நிற்கும் ஒருவர், தன் ஊருக்கு ஏன் இத்தனை இடம் என்று விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க முடியாத விதியை ஊர் நம்பாது என்று நான் வாதிட்டேன். ஆசிரியை வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்.

நாங்கள் எடுத்துக்கொண்டது 2011இல் கேம்பிரிட்ஜில் கூடிய கணித வல்லுநர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்த வழி. ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படையாக ஐந்து இடம், அதன் மேல் மக்கள்தொகைப்படி, மிச்சம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்துவது, உச்சம் 96 என்பது அவர்கள் கணக்கு. அந்த நாடாளுமன்றம் இன்றுவரை அதை நிரந்தர விதியாக ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பேரம் பேசியே இடங்களைப் பிரிக்கிறது. எங்கள் கூட்டமைப்பில் அது இப்படி ஆயிற்று: ஊருக்கு ஒன்று, அதன் மேல் 50 தலைக்கட்டுக்கு ஒன்று, மிச்சத்துக்கும் ஒன்று. முதல் ஊருக்கு 11, இரண்டாம் ஊருக்கு 7, மூன்றாம் ஊருக்கு 4, நான்காம் ஊருக்கு 3, ஐந்துக்கும் ஆறுக்கும் தலா 2; மொத்தம் 29. முதல் ஊர் இன்னமும் மிகப் பெரிய அணி. ஆனால் தனியாக முடிவெடுக்க முடியாது. ஆறாம் ஊருக்கு இரண்டு பேர் என்பதிலும் ஒரு கருத்து உண்டு. தனியாக ஒருவர் எதிர்க்கருத்துச் சொல்வதைவிட, பக்கத்தில் தன் ஊர்க்காரர் ஒருவர் இருக்கும்போது சொல்வது எளிது.

அடுத்து, எதை யார் முடிவு செய்வது என்பது. கூலி, வரவுசெலவு, மனு ஆகியவற்றுக்கு 29இல் எளிய பெரும்பான்மை போதும். நீர்முறையையும் செலவுப் பங்கீட்டையும் மாற்ற, ஆறில் நான்கு ஊர்களாவது ஆதரிக்க வேண்டும்; ஆதரிக்கும் ஊர்களில் ஆறு ஊர்களின் மொத்தத் தலைக்கட்டில் ஐந்தில் மூன்று பங்காவது இருக்கவும் வேண்டும். ஐரோப்பிய அமைச்சர்கள் மன்றத்தில் 55 விழுக்காடு நாடுகளும் 65 விழுக்காடு மக்களும் வேண்டும் என்ற இரட்டைப் பெரும்பான்மையைப் பார்த்து எழுதியது இது. சுவிட்சர்லாந்தில் அரசமைப்பைத் திருத்த மக்களின் பெரும்பான்மையோடு கேன்டன்கள் எனப்படும் மாநிலங்களின் பெரும்பான்மையும் தேவைப்படுவதையும் எடுத்துக்காட்டினோம். கடைசியாக, குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் மறுகாலின் உயரத்தையும் மடையின் அளவையும் அந்த ஊரின் ஒப்புதலும் அடுத்த கீழூரின் ஒப்புதலும் இல்லாமல் எத்தனை கைகள் தூக்கினாலும் மாற்ற முடியாது. மறுகாலில் இரண்டு வரிசைக் கல்லை ஏற்றி வைத்தாலே கீழ்க்குளம் காய்ந்துபோகும் என்பதை இந்த ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பொதுவரி நிலத்தின் பரப்புப்படி; இருக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தலைக்கட்டை எண்ணி, அதே சூத்திரப்படி இருக்கைகள் தாமாக மாறும். எண்ணிக்கையை விதியாக எழுதாமல் சூத்திரத்தை விதியாக எழுதியதில் நான் உறுதியாக நின்றேன். உறைந்துபோன எண்கள் பின்னாளில் என்ன பாடுபடுத்தும் என்பதை நம் மக்களவைக் கதையே காட்டுகிறது. தலைமைப் பொறுப்பு ஆண்டுக்கு ஓர் ஊருக்கு. வரிசையைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

பின்னர் நடந்தவை

முதல் ஆண்டு அமைதியாகக் கழிந்தது. சிற்றூர்கள் நிலுவை வரியைக் கட்டின, தூர்வாரும் வேலை முடிந்தது. ஆறாம் ஊர் முன்மொழிந்த தீர்மானம் ஒன்று முதல் முறையாக மினிட் புத்தகத்தில் ஏறியது. நீர்பாய்ச்சிகளின் இரவுக் கூலி பற்றியது.

இரண்டாம் ஆண்டு எங்கள் விதியின் ஓட்டை தெரிந்தது. காரை அடுத்து வரும் நெல் பருவமான பிசானத்துக்கு நாற்றுப் பாவிய பிறகு வடகிழக்குப் பருவமழை பிந்தியது. இருக்கும் தண்ணீரை இந்த ஒரு முறை மட்டும் கடைமடையிலிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சலாம் என்று ஐந்து ஊர்கள் ஒன்றுகூடிச் சொல்லின. முதல் ஊர் மறுத்தது. ஆறில் ஐந்து ஊர்கள் ஆதரித்தும் தீர்மானம் விழுந்தது. ஐந்து ஊர்களையும் கூட்டினால் 500 தலைக்கட்டுதான். ஐந்தில் மூன்று பங்குக்கு 600 வேண்டும். ஒரே ஊர் தனியாக எதையும் தடுக்கும் அதிகாரத்தை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

இந்தத் தவறு முழுவதும் என்னுடையது. ஐரோப்பிய விதியைப் பார்த்து எழுதியபோது அதன் இரண்டாம் பாதியை நான் விட்டுவிட்டேன். ஒரு முடிவைத் தடுக்க வேண்டுமானால் குறைந்தது நான்கு நாடுகளாவது எதிர்த்து நிற்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். பெரிய நாடுகள் இரண்டோ மூன்றோ சேர்ந்துகொண்டு மற்ற எல்லாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பதற்கான காப்பு அது. பேச்சு இழுத்துக்கொண்டே போன நாட்களில் ஐந்தாம் ஊரின் நாற்று முற்றிப்போனது. முற்றிய நாற்றையே நட்டார்கள். விளைச்சல் குறைந்த குடும்பங்களின் முற்றங்களில் நின்று இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பருவம் முடிந்ததும் விதியைத் திருத்தினோம். நீர்முறை பற்றி ஐந்து ஊர்கள் ஒத்துப்போனால், தலைக்கட்டுக் கணக்கு எட்டாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறும். ஆனால் அந்த ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும். முதல் ஊர் இதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டது: செலவுப் பங்கீட்டில் இந்த விலக்கு கூடாது; ஐந்தில் மூன்று பங்கு மாறாமல் இருக்க வேண்டும். பொதுவரியில் பெரும்பங்கைக் கட்டும் ஊர் அப்படிக் கேட்டது நியாயமே. மற்ற ஊர்கள் ஏற்றுக்கொண்டன. மக்களில் பாதிப் பேரை உள்ளடக்கிய ஊரை மீறி முடிவெடுப்பது சிறிய காரியம் அன்று என்பதால்தான் ஒரு பருவம் என்ற எல்லையை வைத்தோம். அதற்குப் பின் அந்த வழி ஒரே ஒரு முறை பயன்பட்டது.

ஐந்தாம் ஆண்டு மறு எண்ணிக்கை வந்தது. முதல் ஊரிலிருந்து பல குடும்பங்கள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்திருந்தன. தலைக்கட்டு 448 ஆகியிருந்தது. ஐந்தாம் ஊரில் புதிதாகக் குடியேறியவர்களால் 52 ஆகியிருந்தது. சூத்திரப்படி முதல் ஊருக்கு 10, ஐந்தாம் ஊருக்கு 3. மற்ற நான்கு ஊர்களுக்கும் மாற்றமில்லை. பெரியவர் கணக்கைத் தானே இரண்டு முறை போட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார். விவாதம் எதுவும் நடக்கவில்லை.

மாற்றி எழுத வேண்டியவை

மீண்டும் இதைச் செய்ய நேர்ந்தால், விதியை ஊருக்குக் கொடுக்கும் முன் எல்லாக் கூட்டணிகளையும் போட்டுப் பார்ப்பேன். ஆறு ஊர்கள் சேரவும் பிரியவும் 64 வழிகள்தான் உண்டு. ஒரே தாளில் எழுதி முடித்துவிடலாம். எழுதியிருந்தால் முதல் ஊரின் தனித் தடை அன்றே கண்ணில் பட்டிருக்கும். முதல் ஊரின் 11ம் மூன்றாம் ஊரின் 4ம் சேர்ந்தால் 29இல் 15 ஆகிவிடும் என்பதும் பட்டிருக்கும். எளிய பெரும்பான்மை போதும் என்று விட்ட கூலி விவகாரத்தில் இந்த இரண்டு ஊர்களும் மறு எண்ணிக்கை வரை பலமுறை தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டன. முறைகேடு இல்லை, ஆனால் மற்றவர்கள் வந்து உட்கார்ந்து போனதோடு சரி.

விதியை வரையும் குழுவில் என்னையும், ஆசிரியையையும், முதல் இரண்டு ஊர்களின் படித்த இளைஞர்களையும் வைத்திருந்தார்கள். கடைமடை விவசாயி ஒருவராவது அதில் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஆண்டில் விதி எப்படி வேலை செய்யும் என்று முதலில் கேட்டிருக்கக் கூடியவர் அவர்தான்.

மிகப் பெரிய குறை, எண்ணிய அலகிலேயே இருக்கிறது. கணவரை இழந்த பெண்ணின் குடும்பத்தை இந்த ஊர்களில் கோயில் வரிக்கு அரைத் தலைக்கட்டாகக் கொள்வது வழக்கம். வரியில் அது சலுகை. அதையே இருக்கைக் கணக்கிலும் நாங்கள் யோசிக்காமல் எடுத்துக்கொண்டபோது அந்தப் பெண்கள் அரை ஆள் ஆனார்கள். குத்தகைக்கு உழுபவர் கணக்கில் வரவில்லை; நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் இருப்பவரின் பங்காளி இங்கே இருந்தால் அந்த நகரத்துக்காரர் கணக்கில் வந்துவிடுகிறார். முதல் ஊர்ப் பெரியவரின் கேள்விக்கு நான்கு அமர்வுகள் விடை தேடிய நாங்கள், அதே கேள்வி இவர்கள் பக்கம் எழாததைக் கவனிக்கவில்லை. ஆறாம் ஊர் உறுப்பினர்களில் ஒருவர் இப்போது ஒரு பெண். வரி அரையாகவே இருக்கட்டும், எண்ணிக்கையில் முழுத் தலைக்கட்டாகக் கொள்ள வேண்டும் என்ற திருத்தத்தை அவர் கொடுத்திருக்கிறார். கார் அறுவடை முடிந்த பிறகு கூடும் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும். குத்தகைதாரர் பற்றிய திருத்தத்தை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.